மேற்கு டெக்ஸஸுக்கு ஒரு டிஃபென்ஸ்மேனைப் பார்க்கப் போன பொங்கல் வாரம்

2001 ஜனவரியில் பொங்கல் ஒரு நீண்ட வார இறுதியோடு சேர்ந்து வந்தது. நியூஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, மின் அடுப்பில் பொங்கல் வைத்து, ஸ்பெல்லிங் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்கும் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கும் சால்வை போட்டார்கள். நான் அப்போது மேற்கு டெக்ஸஸில் ஒரு ஐஸ் ரிங்கில் உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வந்தது, போகவில்லை. என் மகன் செந்திலை அந்த மேடைக்கு எந்த வருடமும் யாரும் கூப்பிட்டதில்லை. இனிமேல் கூப்பிட்டாலும் நான் அனுப்புவதாக இல்லை.

செந்திலுக்கு இருபது வயது. ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். புல் தரையில் வளைந்த மட்டையோடு ஆடும் நம் ஊர் ஹாக்கி இல்லை இது. பனித் தரையில் சறுக்குக் காலணியோடு ஆடுவது. பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் சக்கரக் காலணியோடு தொடங்கியவன், பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போய் வடக்கே ஜூனியர் அணிகளில் ஆடினான். இந்த வருடம்தான் டெக்ஸஸில் ஒரு சிறு லீக் அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. அணியின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதக் கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டான். எழுதவில்லை. இப்படிப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இரண்டு மூன்று பேராவது இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று நம்பித்தான் வழியையும் செலவையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆட்டத்தில், கோலைக் காக்கும் கோலியைத் தவிர, ஒரு அணிக்கு ஐந்து பேர். முன்னால் மூன்று பேர் ஃபார்வர்டு, அதில் ஓரத்தில் ஆடுகிறவனுக்கு விங் என்று பெயர். பின்னால் இரண்டு பேர் டிஃபென்ஸ். செந்தில் டிஃபென்ஸ்மேன். அவன் வேலை எதிராளியைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு போய், அவனை ஓரமாகத் தள்ளி, வட்டைப் பிடுங்கி, முன்னால் நிற்பவனுக்கு ஒழுங்காக ஒரு பாஸ் கொடுப்பது. ஃபார்வர்டு, நடந்த காரியத்துக்குப் பெயர் வாங்குகிறான். டிஃபென்ஸ்மேன் நடக்காமல் போனதற்காக உழைக்கிறான். நடக்காமல் போனதை யார் எண்ணுவது? அதனால் டிஃபென்ஸ்மேன் பழுக்க நாளாகும். பத்தொன்பது வயதில் ஃபார்வர்டு பிரகாசித்துவிடலாம். டிஃபென்ஸ்மேனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு ஆகிவிடும் என்று இந்த விளையாட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, காத்திருக்கத்தான் யாரும் தயாராக இல்லை.

பொங்கலுக்கு முந்தைய புதன்கிழமை செந்தில் ஃபோன் செய்தான். கோச் அவனுக்கு இரண்டு வழி சொல்லியிருக்கிறார். முதல் வழி, இதே அணியில் விங் ஆடுவது. அவனுக்குக் கால் வேகம் உண்டு, அணிக்கு விங்கில் ஆள் பற்றாக்குறை, சீசன் முடியும்வரை இடம் நிச்சயம். இரண்டாவது வழி, டிஃபென்ஸ்தான் வேண்டுமென்றால் இன்னும் கீழே இருக்கும் லீக்குக்குப் போவது. மாறி மாறி இறங்க ஆறு டிஃபென்ஸ்மேன் போதும், ஏழாவதாக அவனை வைத்துக்கொள்ள இங்கே வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கோச் சொன்ன மாதிரியான பேச்சு எனக்குப் பழக்கம். நான் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். 1992இல் என் மேலாளர் என்னை ஆய்வகத்திலிருந்து ஆவணப் பிரிவுக்கு அனுப்பினார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்றார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. எனக்குப் பிறகு வந்தவர்கள் இருவர் என் ஆய்வக மேசையில் உட்கார்ந்து இயக்குநர்களாகிவிட்டார்கள். ஆகவே 'கொஞ்ச நாள் இந்தப் பக்கம் நில்லு' என்று யார் சொன்னாலும் எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடும். அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன்.

"என்னங்க, சண்டை போடப் போறீங்களா, பையனைப் பாக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி விஜயா.

"ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்தான்."

அவளுக்கு வேறு கணக்கு. "குடுக்கறதை வாங்கிக்கச் சொல்லுங்க. இல்லீன்னா கையோட கூட்டிட்டு வந்துருங்க. ஃபால் செமஸ்டர்ல காலேஜ் சேர்ந்துக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கிலோ மைசூர்பாகு செய்து டப்பாவில் அடுக்கினாள். கோச்சுக்காம். பிள்ளையின் வாத்தியாரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

அவள் தம்பி சேகர் சன்னிவேலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். செய்தி அவனுக்கும் போய், அவனும் கூப்பிட்டான். "மாமா, பையனை இங்க அனுப்புங்க. எங்க கம்பெனில டெஸ்டிங்ல போட்டுடறேன். ஹாக்கி பாக்கணும்னா சான் ஹோசேல டீமே இருக்கு, டிக்கெட் நான் வாங்கித் தர்றேன். ஆடறதைவிட பாக்கறது சேஃப் மாமா. பல்லாவது மிஞ்சும்."

"மாப்ளே, போன மாசம் உங்க ஃப்ளோர்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புனாங்களே, அவங்கள்ல யாருக்குப் பல்லு மிஞ்சுச்சு?" என்று கேட்டேன். அக்காவிடம் பேச வேண்டும் என்றான். ரிசீவரை விஜயாவிடம் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நியூவர்க்கிலிருந்து டாலஸுக்கு விமானம். போகவர 318 டாலர், கடைசி நேரத்தில் எடுத்ததால் இந்த விலை. மூன்று வாரம் முன்னால் எடுத்தால் இருநூறுக்குள் கிடைக்கும். நான்கு மணி நேரப் பயணம், கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும். டாலஸ் விமான நிலையத்தில் சின்னக் கார் ஒன்று நாளுக்கு 29 டாலருக்கு எடுத்தேன். மைலுக்கு வரம்பில்லாத வாடகையாகப் பார்த்து எடுங்கள். டெக்ஸஸில் இது மிக முக்கியம். ஏன் என்று பின்னால் தெரியும்.

ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டியதும் ஐ-20 நெடுஞ்சாலை மேற்கே நேராக ஓடுகிறது. வெதர்ஃபோர்டு வரை வீடுகள், கடைகள். அதற்குப் பிறகு குட்டை மரங்களும் கம்பி வேலியும்தான். அபிலீன் வரை விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 180 மைல். அங்கே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்ட இடத்தில், தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் பக்கத்துப் பம்பிலிருந்து பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். நியூஜெர்சி என்றேன். அது சரி, நிஜமாகவே எந்த ஊர் என்றார். நிஜமாகவே பிளெய்ன்ஸ்பரோ என்றேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தூரம்தான்" என்றார். அதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

அபிலீனைத் தாண்டி இன்னும் மேற்கே போனால், தலையாட்டிக்கொண்டே எண்ணெய் இறைக்கும் இரும்பு யந்திரங்கள் இரண்டு பக்கமும் வருகின்றன. அவற்றுக்கு நடுவில்தான் செந்திலின் ஊர். மொத்தம் முந்நூறு மைலுக்கு மேல், ஐந்து மணி நேரம். மோட்டல் ஓர் இரவுக்கு 38 டாலர். நடத்துகிறவர் குஜராத்திக்காரர், படேல். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "ஹாக்கிக்கா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சாவியோடு ஒரு கோப்பை இஞ்சி டீயும் கொடுத்தார். அந்தப் பொங்கலுக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான். போதுமானது.

ரிங்க் என்றதும் கண்ணாடி மாளிகை எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டுக் கண்காட்சியும் குதிரைச் சவாரிப் போட்டியும் நடக்கும் கொட்டகை அது. இடைநாட்களில் ஐஸ் போட்டு ஹாக்கி. போன வாரம் கன்றுக்குட்டிகள் வந்து போயிருந்தன என்பது மூக்குக்குத் தெரிந்தது. டிக்கெட் ஒன்பது டாலர். ஏழு மணி ஆட்டம். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்கு வீரர்கள் வந்தார்கள். செந்திலின் எண் அதில் இல்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அப்புறம்தான் மேலே பார்த்தேன். கடைசி வரிசையில், கூரைக் கம்பிகளுக்குக் கீழே, கோட்டும் டையுமாகத் தனியாக உட்கார்ந்திருந்தான்.

படியேறிப் போனேன். "என்னடா இது?"

"ஸ்க்ராட்ச்டு அப்பா. இன்னிக்கி ஆடல." அவன் அதற்கு மேல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டான், தமிழ் புரியும், பேச்சு அதிகம் வராது. அவன் சொன்னது இது: உடம்பு நன்றாக இருக்கும் போதே இளம் டிஃபென்ஸ்மேனை ஓரிரு ஆட்டம் வெளியே உட்கார வைப்பார்கள். கீழே நின்றால் தெரியாதது மேலே இருந்து தெரியும். வட்டைப் பார்க்கக் கூடாது, வட்டு இல்லாத டிஃபென்ஸ்மேன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் பார்க்க வேண்டும். அது பாடம், தண்டனை இல்லை.

"பாடமா? ஆயிரத்தி எண்ணூறு மைல் தாண்டி வந்திருக்கேன்டா."

"யூ டிடின்ட் டெல் தெம் யூ வேர் கமிங், அப்பா."

உண்மைதான். நானும் உட்கார்ந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே அணித் தலைவர் லெஸ்டர், முப்பத்து நான்கு வயது, செந்தில் ஆடும் நாட்களில் அவனுக்கு ஜோடியான டிஃபென்ஸ்மேன், பின்னோக்கிப் போகும் போதெல்லாம் செந்திலின் பாதங்கள் நாற்காலிக்கு அடியில் அதே திசையில் திரும்பின. எதிராளி ஒருவன் வேகமாக வந்தான். "நௌ," என்றான் செந்தில் வாய்க்குள். அரை நொடி கழித்து லெஸ்டர் அதே இடத்தில் குறுக்கே போய் அவனைச் சுவரோடு ஒட்டினார். நான் பன்னிரண்டு வருடமாக ரிங்குகளில் உட்கார்ந்தவன். அவன் தலைக்குள் ஆட்டம் ஓடுவதை இப்படிப் பக்கத்திலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். இவனையா விங்குக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கொதித்தது.

மறுநாள் காலைப் பயிற்சி முடிந்ததும் மைசூர்பாகு டப்பாவோடு கோச்சின் அறைக்குப் போனேன். பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள், அது தப்பாம். தொழில்முறை அணியில் அப்பாக்கள் கோச்சைப் பார்க்கப் போவதில்லையாம். எனக்கு இன்றைக்கும் அதில் தப்பு தெரியவில்லை. பையன் படிக்கிற இடத்தில் வாத்தியாரைப் பார்த்துப் பேசித்தான் நாம் வளர்ந்தோம். அவர்களே பாடம் என்று சொல்லும் போது நான் ஏன் வாத்தியாரைப் பார்க்கக் கூடாது?

கோச்சுக்கு ஐம்பது வயது இருக்கும், மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. டப்பாவைத் திறந்து, கட்டிய நெய்யை முகர்ந்துவிட்டு, ஒன்றை வாயில் போட்டார். "இந்த வேலையில் இவ்வளவு வருடத்தில் இந்தக் கதவு வழியாக ஒரு அப்பாவும் வந்ததில்லை, சார்" என்றார்.

"அப்படியானால் தாமதமாகிவிட்டது" என்றேன். "என் மகன் டிஃபென்ஸ்மேன். நீங்களே சொல்கிறீர்கள், அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஏன் வேறு வேலைக்கு மாற்றுகிறீர்கள்?"

அவர் மழுப்பவில்லை. "இவன் நல்ல டிஃபென்ஸ்மேன் ஆவான். ஐந்து வருடம் ஆகும். எனக்கு ஐந்து வருடம் கிடையாது, சார். மார்ச் வரைதான் இருக்கிறது. கடைசிச் சுற்றான பிளேஆஃபுக்குப் போகவில்லையென்றால் இந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். எனக்கு இன்றைக்கு ஒரு விங் வேண்டும்."

"உங்கள் நாற்காலி ஆடாமல் இருக்க என் மகனை அடியில் வைக்கிறீர்களா?"

"ஆமாம்" என்றார். இன்னொரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டார். "இன்றிரவு அவனை விங்கில் இறக்குகிறேன். பாருங்கள். நாளைக்கு அவன் சொல்லட்டும். நீங்கள் இல்லை, அவன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ மேலாளர்களிடம் நான் எதிர்பார்த்தது இப்படி ஒரு 'ஆமாம்'. ஒருவரும் சொன்னதில்லை. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

மதியம் அணி மொத்தமும் ஒரு பீட்சா கடையில் சாப்பிட்டது. அங்கே அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரத்தில் யார் என்ன முட்டாள்தனம் செய்தாலும் அணித் தலைவர் நீதிபதியாக உட்கார்ந்து விசாரித்து அபராதம் போடுவார். சேர்கிற பணத்தில் சீசன் கடைசியில் விருந்து. லெஸ்டர் ஒரு துணி நாப்கினைத் தலையில் போட்டுக்கொண்டு செந்திலை எழுந்து நிற்கச் சொன்னார். முதல் குற்றச்சாட்டு, கோச்சிடம் அப்பாவை அனுப்பியது. இரண்டாவது, அதைவிடக் கடுமையானது: இனிப்பு முழுவதும் கோச்சின் அறையிலேயே தங்கியது.

செந்தில் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, ப்ளீஸ், டோன்ட்" என்றான். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

"இந்த நீதிமன்றத்துக்கு என்மேல் அதிகாரம் கிடையாது" என்றேன். "அவன் என்னை அனுப்பவில்லை. நானாகப் போனேன்."

"அவராகப் போனாராம்" என்றார் லெஸ்டர் மற்றவர்களைப் பார்த்து. "பையனுக்குப் பத்து டாலர். அப்பாவுக்கு இருபது."

"மேல்முறையீடு செய்கிறேன்."

"மேல்முறையீடும் என்னிடம்தான். நாற்பது."

மேசையே தட்டிக்கொண்டு சிரித்தது. கொடுக்க மறுத்தேன். மறுப்பதற்கு இன்னொரு ஐந்து போட்டார்கள். கடைசியில் செந்திலே சிரித்துவிட்டான். சாப்பிட்டு முடிந்து வெளியே வரும் போது லெஸ்டரை நிறுத்திக் கேட்டேன், விங்கா டிஃபென்ஸா, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று.

"விங்குதான் சார்" என்றார் உடனே. "டிஃபென்ஸில் இருந்தால் அடுத்த வருடம் என் இடத்தைப் பிடித்துக்கொள்வான். என் முழங்காலுக்கு வேறு வேலை தெரியாது."

அன்று இரவு செந்தில் விங்கில் இறங்கினான். நான் கோலுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் இருந்தேன். என் பக்கத்தில் உள்ளூர்க்காரப் பெண்மணி ஒருவர், சீசன் டிக்கெட், கையில் மாட்டுமணி. இரண்டாம் பகுதியில் லெஸ்டர் நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார். செந்தில் அதை வாங்கி, ஒருவனைத் தாண்டி, கோலியின் தோளுக்கு மேலே வட்டைத் தூக்கிப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் அவன் பெயரை நாலாகக் கடித்துத் துப்பினார்கள். நாலாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். என் பக்கத்து மணி காதைக் கிழித்தது.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஹனி, அது உங்க பையன் இல்லையா?" என்று அந்தப் பெண்மணி குனிந்து கேட்டார்.

"ஆமாம்."

"கோல் போட்டிருக்கான்."

"பார்த்தேன்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு மணியை மறுபடி ஆட்டினார். எனக்குள் சந்தோஷம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டேன். அந்த ஒரு கோல் அவனை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரிந்தது. ஆவணப் பிரிவில் என் முதல் அறிக்கைக்கும் இப்படித்தான் கைதட்டினார்கள்.

மோட்டலுக்குத் திரும்பியதும் விஜயாவின் ஃபோன். செந்தில் அவளிடம் எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறான். "கோல் போட்டுட்டானாமே. சேகர்கூட சொன்னான், கோல் போடறவனை யாராச்சும் பின்னாடி நிக்க வெப்பாங்களான்னு. இடம் நிச்சயம்னு சொல்றாங்கல்ல, விட்டுருங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"யோசிக்கணும்னான். குரலு சந்தோஷமா இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு ஒரு டைனரில் முட்டையும் ரொட்டியும். பதினொரு மணிக்கு அவன் கோச்சைப் பார்க்க வேண்டும். "இட் ஃபெல்ட் குட், அப்பா" என்றான். முட்டையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. நான் 1992ஐப் பற்றி முதல் தடவையாக அவனிடம் முழுக்கச் சொன்னேன். ஆறு மாதம் என்றார்கள், நான் நம்பினேன், முதல் வருடம் பாராட்டினார்கள், மூன்றாம் வருடம் நான் ஆய்வகத்து ஆள் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "ஐ'ம் நாட் யூ, அப்பா" என்றான். கோபமில்லாமல் சொன்னான்.  பில்லுக்குப் பணத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

ரிங்கின் வாசலில் அவனை இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தேன். உள்ளே போய் அவனுக்காகப் பேச எனக்கு வார்த்தை நிறைய இருந்தது. காற்று புழுதியை அள்ளிக் கண்ணாடியில் போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கதவு திறந்தது. அவன் தோளில் ஆளுயரப் பை, கையில் நாலு மட்டைகள். அணியில் இருக்கிறவன் பையை ரிங்கிலேயே விட்டுவிட்டு வருவான்.

"பாப் த டிரங்க், அப்பா."

பையைப் பின்னால் போட்டோம். மட்டைகள் நீளம், பின் இருக்கையிலிருந்து முன்னால் எங்கள் இருவர் தலைக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தன.  ஊர் எல்லையைத் தாண்டியதும் அவனாகச் சொன்னான், பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில்: "நீங்க சொன்னதுக்காக இல்ல. கோல் போட்டேன் இல்ல? எல்லாரும் கட்டிப் பிடிக்க வந்தாங்க. ஐ வாஸ் லுக்கிங் பிஹைண்ட் மீ. நான் விட்டுட்டு வந்த இடத்துல யாருமே இல்ல அப்பா. அதான் முதல்ல பாத்தேன்."

எனக்குச் சாலை கொஞ்சம் மங்கியது. புழுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் லீக்கின் அணி லூசியானா எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. டாலஸ் வழியாகத்தான் போக வேண்டும். மொத்தம் ஐந்நூற்றைம்பது மைலுக்குக் குறையாது. அவனைப் பேருந்தில் அனுப்பிவிட்டு நான் திங்கட்கிழமை விமானத்தைப் பிடிப்பதாக இருந்தது. விமான நிலையத்துக்குத் திரும்பும் பலகை வந்தது. நான் திரும்பவில்லை. "அப்பா, யுவர் ஃப்ளைட்" என்றான். "நாளைக்குத்தானே" என்றேன். மறுநாள் விமானத்தையும் விட்டேன். டிக்கெட்டை மாற்ற 75 டாலர். மேலாளரை வீட்டில் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். "என் மகனை வேலைக்குச் சேர்க்கப் போகிறேன்" என்றேன். எந்தக் கம்பெனி என்று கேட்டார். ஹாக்கி என்றதும் வாழ்த்து சொன்னார். அந்த வாழ்த்தின் சுவை எனக்குத் தெரியும். வைத்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை காலை புதிய அணியின் பயிற்சி. ரிங்க் முன்னதைவிடச் சின்னது, கூரையில் ஓரிடத்தில் ஒழுகி, கீழே வாளி வைத்திருந்தார்கள். கோச் செந்திலின் கையைக் குலுக்கிவிட்டு, ஒரு விசித்திரமான பயிற்சி கொடுத்தார்: மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பின்னோக்கிச் சறுக்கி எதிரே வருகிறவனை ஓரமாக்க வேண்டும். மட்டை இருந்தால் பையன்கள் அதை நீட்டி ஏமாற்றுவார்கள். இல்லையென்றால் கால்தான் வேலை செய்ய வேண்டும். இரண்டு தடவை செந்தில் ஏமாந்தான். மூன்றாவது தடவை ஏமாறவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன். காலி ரிங்கில் அது பெரிதாகக் கேட்டது. செந்தில் திரும்பிப் பார்த்து, போதும் என்பது போலக் கையைக் காட்டினான்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சிறு லீக் ஊர்களுக்கு நேரடி விமானம் எதிர்பார்க்காதீர்கள். டாலஸில் இறங்கிக் காரில் போவதுதான் மலிவு. கிளம்பும் முன் பையனிடம் அன்றைக்கு ஆடுகிறானா என்று கேட்டுவிடுங்கள். கேட்டாலும் அவனுக்கே மாலைவரை தெரியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளை டிஃபென்ஸ்மேன் என்றால் கோலுக்குப் பின்னால் இருக்கை எடுக்காதீர்கள், அங்கிருந்து விளக்கு எரிவதுதான் தெரியும். மேல் வரிசை நடுவில் எடுங்கள், விலையும் குறைவு. குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும், டெக்ஸஸ் என்றாலும். கோச்சைப் பார்க்கப் போகாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். போவதானால் அணிக்கும் சேர்த்து இனிப்பு கொண்டுபோங்கள்.

கோல் எத்தனை என்று ஊரில் கேட்பார்கள். இதுவரை அங்கே அவன் ஆடியதில் ஒன்றும் இல்லை. சேகரும் கேட்டான், அவனிடமும் ஒன்றும் இல்லை என்றேன். சம்பளம் குறைவு, ஊர் சின்னது, பேருந்தில் இரவெல்லாம் போகிறார்கள். இருபத்தைந்து வயதுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதற்குள் அணியிலிருந்து அவனை வெட்டிவிடவும் கூடும். அது நடந்தால் டிஃபென்ஸ்மேனாகத்தான் வெட்டுவார்கள்.

அடுத்த மாதம் விஜயாவும் என்னோடு வருகிறாள், முதல் தடவையாக. இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. அவ்வளவு தூரம் வந்து அங்கே என்னதான் பார்ப்பது என்று நேற்றுக் கேட்டாள்.

"நம்ம பையன் நிக்கற பக்கம் ஒண்ணுமே நடக்காது" என்றேன். "அதைத்தான் பாக்கணும்."